பொய் சொல்லாமல் பக்கத்தில் இருப்பது

மூடிய கை

மரகதத்தை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தபோது அவளுடைய வலது கை மூடியிருந்தது. சுனாமி வந்த நாளிலிருந்து அப்படித்தான் என்றார் கணவர் சீனித்தம்பி. அவர் கல்குடாப் பக்கத்து மீனவர். அலை வந்த நேரம் ஆழ்கடலில் நின்றதால், தோணிக்குக் கீழே என்ன போனது என்றுகூடத் தெரியாமல் கரைக்குத் திரும்பியவர். கரையில் வீடு இல்லை. மனைவி ஒரு தென்னையடியில் கிடந்தாள். ஏழு வயது மகள் சாந்தினியைக் காணவில்லை.

வாவி என்று நாங்கள் சொல்லும் கடலேரியின் கரையை ஒட்டிய ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் மனநோய் வார்டில் நான் அப்போது நேர்ஸ். அந்த மாதங்களை நினைத்தால் எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடந்தது போலத்தான் தோன்றுகிறது. ஆட்கள் மெதுவாக நடந்தார்கள். பேசினால் குரல் பிந்தி வந்து சேர்ந்தது. வாவியில் பட்ட வெயில் விறாந்தைக் கூரையில் நாள் முழுக்க அலைந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்தபடி கட்டில்களில் ஆட்கள் கிடப்பார்கள். மரகதமும் பார்ப்பாள். பேச மாட்டாள். ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவாள். கையைத் தொட்டால் மட்டும் உடம்பு முழுவதும் விறைத்துவிடும்.

நகங்கள் வளர்ந்து உள்ளங்கைக்குள் இறங்கியிருந்தன. பக்கத்தில் போனால் புண்ணின் வாடை வந்தது.

டொக்டர் பார்த்தார். "காய்ச்சல் வந்தா என்னால பாத்துக்கொண்டு இருக்க ஏலாது மிஸ்ஸி. தியேட்டருக்குக் கொண்டுபோய், மயக்கித்தான் விரிக்கோணும்" என்றார். எங்கள் பக்கத்தில் நேர்ஸை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மயக்கம் தெளிஞ்சு பாக்கக்குள்ள கை விரிஞ்சிருந்தா, அவ என்னண்டு நினைப்பா டொக்டர்?"

டொக்டர் மருந்துகளை எழுதிவிட்டு, "சரி, காய்ச்சல் வரும் மட்டும் பொறுப்பம்" என்றார்.

வெளியே நின்ற சீனித்தம்பி என்னை மறித்தார். "மிஸ்ஸி, கைய வெட்டிப்போடுவாங்களா?"

"இல்ல. அப்பிடி ஒண்டும் இல்ல. நீங்க வந்து அவவுக்குப் பக்கத்தில இரிங்க."

"நான் என்னத்தக் கதைக்கிற?"

"கதைக்காட்டியும் இரிங்க."

இரக்கத்தில் சொன்ன பொய்

எங்கள் அற்றெண்டன் புஷ்பம் நல்ல மனசுக்காரி. மரகதம் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதை எல்லோருக்கும் முதலில் ஊகித்தவளும் அவள்தான். ஒரு நாள் காலை, நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் கட்டிலருகே குனிந்து சொன்னது கேட்டது.

"இஞ்ச பாருகா, புள்ளைய நான் பிடிச்சிருக்கன். நீ கைய விடு. ஒண்டும் ஆகா."

மரகதம் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். விரல்கள் கொஞ்சம் இளகின. புஷ்பத்தின் கைகளில் எதுவும் இல்லை என்பதையும் அதே நொடியில் கண்டுவிட்டாள். அன்று அவள் போட்ட சத்தம் வார்டு முழுவதையும் எழுப்பியது. பிறகு கை முன்னையை விட இறுகியது. அன்று தண்ணீரும் இறங்கவில்லை.

புஷ்பம் ஸ்டோர் அறைக்குள் போய் அழுதாள். அவளை நான் ஏசவில்லை. நேர்சிங் ஸ்கூலில் எங்களுக்கு முதலில் சொல்லித் தந்தது இது: நோயாளி நம்புவதை இல்லையென்று வாதாடாதே, ஆமென்று ஒத்துக்கொள்ளவும் செய்யாதே. எழுதிப் படிக்கிறபோது இது மிகச் சின்ன விசயம். மகளின் கையைப் பிடித்திருக்கிறேன் என்று நம்பும் தாய்க்கு முன்னால் நிற்கும்போது, இந்த இரண்டுக்கும் நடுவில் கால் வைக்க இடமே இல்லாதது போலிருக்கும்.

அன்று பின்னேரம் அவளை விறாந்தைக்குக் கூட்டிப்போய் வாவியைப் பார்க்க இருத்தி, நானும் பக்கத்தில் இருந்தேன். ஒரு வலைத்தோணி ஒளிக்குள் போய்க் கரைந்துவிட்டது. பிறகு நான் சொன்னேன்.

"காலையில உங்களுக்குச் சொன்னது பொய். புள்ளைய ஆரும் பிடிக்கல்ல. இனி இந்த வார்டில உங்களுக்கு ஆரும் பொய் சொல்ல நான் விடமாட்டன்."

அவள் முதன்முதலாகப் பேசினாள். "அப்ப அவள் எங்க?"

"எனக்குத் தெரியா."

"கையத் திறந்தா போயிருவாள்."

"அந்தப் பயம் எனக்கு விளங்குது. உங்கட கை புண்ணாகிப்போச்சு. அதுவும் எனக்குத் தெரியுது." கொஞ்சம் பொறுத்துக் கேட்டேன்: "சின்னி விரல மட்டும் கழுவி விடட்டா? மற்றதெல்லாம் மூடியே இருக்கட்டும்."

அவள் கையை மடியிலிருந்து சிறிது என் பக்கம் நகர்த்தினாள்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் அந்த ஒரு விரலைக் கழுவினேன். அவள் கேட்காமல் அடுத்த விரலைத் தொடவில்லை. சில நாள் அவள் கேட்கவே மாட்டாள். அப்போது சின்னி விரலை மறுபடியும் கழுவிவிட்டு எழும்பிவிடுவேன். சீனித்தம்பி கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கழுவும்போது அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசத் தொடங்கினாள். சாந்தினிக்குக் கொய்யாப்பழம் பிடிக்கும். சாந்தினி ஒற்றைப் பின்னலுக்குச் சம்மதிக்க மாட்டாள். பேச்சு அலை வந்த அந்தக் காலைநேரத்துக்குப் பக்கத்தில் வந்துவந்து திரும்பிப் போகும். நான் அதைப் பிடித்து இழுக்கவில்லை.

காய்ச்சல் வரவில்லை. எங்கள் நல்ல காலம்.

பெருவிரல் விலகிய நாளில் உள்ளங்கை வெளிச்சத்துக்கு வந்தது. ஊறிப்போய் வெளுத்திருந்தது. நடுவில் நகம் பதிந்த புண்கள். மரகதம் அதையே பார்த்தாள்.

"நான் விடல்ல மிஸ்ஸி. தண்ணிதான் இழுத்துப்போட்டுது."

"இந்தக் கையப் பாத்தாலே தெரியுது, நீங்க விடல்ல எண்டு."

அவள் அழுதாள். சீனித்தம்பியும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். அவர்கள் சேர்ந்து அழுததை அதற்கு முன்னர் நான் கண்டதில்லை. ஊசி போடுவமா என்று ஒரு புது நேர்ஸ் ஓடிவந்தாள். வாசலில் நின்ற டொக்டர் அவளைத் தடுத்து, "விடுங்க. இது அழ வேண்டிய அழுகை" என்றார்.

படுவான்கரையில்

மரகதம் வீட்டுக்குப் போனாள். மருந்துக்குக் கிளினிக் வந்தாள், பிறகு மருந்தும் தேவைப்படவில்லை. யுத்தம் முடிந்து வந்த காலத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் ஆட்களைப் பார்க்க வீடு வீடாகப் போகத் தொடங்கியபோது, தானும் வருகிறேன் என்று அவளே கேட்டாள்.

வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பார்கள். சூரியன் படுகிற, மறைகிற கரை. ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு அங்கே 'பாதை' என்று பெயர். காலைப் பனிமூட்டத்தில் பாதை நகர்கிறதா, கரைகள் நகர்கின்றனவா என்று தெரியாது. அப்படி ஒரு காலையில்தான் தெய்வானையின் ஊருக்குப் போனோம்.

தெய்வானையின் மகன் சுதன் யுத்தத்தின்போது ஒரு நாள் கூட்டிப்போகப்பட்டவன். எந்தச் செய்தியும் இல்லை. வட்டை என்கிற வயல்வெளியின் ஓரத்தில், கூரையில் பாதி போன கல்வீட்டில் அவள் தனியாக இருந்தாள். றோட்டோரத்தில், வீட்டுத் திட்டத்தில் அவளுக்குப் புது வீடு கட்டி முடித்திருந்தார்கள். மாரிக்கு முன் குடிபுகாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். அவள் அசையவில்லை. இரவில் யானை வருகிற இடம் அது.

அவளுடைய தம்பிதான் எங்களைக் கூப்பிட்டிருந்தார். "அக்காக்குப் பைத்தியம் மிஸ்ஸி. கொண்டுபோய் மருந்து குடுங்க. இல்லாட்டி, அவன் செத்துப்போயிற்றான் எண்டு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பா."

தெய்வானையோடு நெடுநேரம் பேசினேன். நித்திரை கொள்கிறாள், சமைக்கிறாள், வேளாண்மை வேலைக்குப் போகிறாள். நடந்தது நடக்காதது எல்லாம் தெளிவாகத் தெரிந்திருந்தது. காத்திருப்பதற்கு எங்களிடம் மருந்து இல்லை. தேவையும் இல்லை.

"அக்காக்குப் பைத்தியமோ வேற வருத்தமோ ஒண்டும் இல்ல" என்றேன் தம்பியிடம். "அவன் செத்தான் எண்டு எனக்குத் தெரியா. தெரியாதத நான் எப்பிடிச் சொல்ற?"

அவர் கோபத்தோடு முற்றத்தில் இறங்கினார். தெய்வானை என்னைப் பார்த்தாள். அதுவரை அவளிடம் வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றை நிச்சயமாகச் சொல்லிவிட்டுப் போனவர்கள்.

மரகதம் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, மகன் வந்தா எந்தப் பக்கத்தால வருவார்?"

"வட்டைக்குள்ளால. இந்த வரம்பாலதான் எப்பவும் வாற."

"அங்கிருந்து பாக்கக்குள்ள முதல்ல என்ன தெரியும்?"

"இந்தச் சுவர்." தெய்வானை யோசித்தாள். "நான் இல்லாட்டி, அம்மாவும் போயிற்றா எண்டு திரும்பிருவான்."

"அப்ப சுவரில எழுதி வைப்பமே? நீங்க எங்க இரிக்கிங்க எண்டு."

தெய்வானை முற்றத்தில் நின்ற தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், பெயின்ற் வாங்கிற்று வாறியா?"

அவர் நீலப் பெயின்ற் வாங்கி வந்தார். எழுதியவரும் அவரே. 'சுதன், அம்மா றோட்டடிப் புது வீட்டில் இருக்கிறேன்.' தெய்வானை தள்ளி நின்று, வரம்பிலிருந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சாப்பாடு இரிக்கி எண்டும் போடு."

மாரிக்கு முன் அவள் புது வீட்டுக்குப் போனாள். சுதன் இன்றுவரை வரவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள், துக்கப்பட்டவரிடம் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்பார்கள். சொல்ல அதிகம் இல்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு எழும்பிப் போய்விடாதீர்கள். அந்த மனிதர் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று அவரே தேடும்வரை பக்கத்தில் இருங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். மழை தொடங்கப் போகிற நாட்கள். பழைய கல்வீட்டின் கூரை முழுவதும் போய், உள்ளே எருக்கலை முளைத்திருந்தது. தெய்வானை வரம்பில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி அந்த எழுத்துகளின் மேல் புதுப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தார்.