மடுல்சீமை லெட்சுமி அக்கா சொல்லி முடிக்காதது

லெட்சுமி அக்கா நேற்று இறந்துவிட்டார். காலையில் ஆபீசுக்குள் நுழையும்போதே எங்கள் கிளார்க் சொன்னார்... அவருக்கும் ஊர் மடுல்சீமைதான்.

உங்களில் பலருக்கு அக்காவைத் தெரிந்திருக்காது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. எனக்கு உறவில்லை, கட்சிக்காரரும் இல்லை. எதிர்த்தரப்புச் சாட்சி.

பதுளையில் பதினெட்டு வருடமாக உயில் வழக்கு, சொத்து வழக்குகளைத்தான் அதிகம் நடத்துகிறேன். ஜெயித்த கேஸ்களைப் பற்றி இதே பேஜில் பெருமையாக எழுதியிருக்கிறேன். இதுவும் ஜெயித்த கேஸ்தான்... எழுதியதில்லை.

மடுல்சீமை டவுனில் பேக்கரி வைத்திருந்த ஒரு பெரியவர், படுக்கையில் விழுந்த தன்னைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட ராஜம்மாவுக்குத் தன் வீட்டை எழுதிவைத்தார். அடைமழை, ரோடு உடைந்து, உயிலை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு வரமுடியாத நேரம்.

நொத்தாரிசு இல்லாமல் எழுதினால் ஐந்து சாட்சிகள் வேண்டும். பெரியவர் கையெழுத்து வைக்கும்போது ஐந்து பேரும் ஒன்றாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஐவரில் ஒருவர் லெட்சுமி அக்கா, ராஜம்மாவின் நெருங்கிய சிநேகிதி.

உயில் செல்லாது என்று கோர்ட்டுக்கு வந்தவர் பெரியவரின் தம்பி மகன். அவருடைய லோயர் நான்.

சாட்சி சொல்ல வந்த அன்று, கோர்ட் வராந்தாவில் அக்கா என்னிடம் வந்து கேட்டார். "ஐயா, நீங்க நம்ம ஆளுங்களா?"

"ஆமாங்க."

"உள்ள எல்லாம் சிங்களத்துலதான் பேசுவாங்கன்னு பயந்துகிட்டே வந்தேன். ஒங்களப் பாத்ததும் கொஞ்சம் தெம்பா இருக்கு."

நான் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

குறுக்கு விசாரணையில் நான் கேட்டது ஒரே விஷயம்தான். "எல்லாரும் ரூம்ல கூடின பிறகு நீங்க வெளிய போனீங்களா?"

"ஆமாங்க, போனேன். பேனா எழுதல, அதான் பக்கத்துக் கடையில வேற பேனா..."

"போதும், நீங்க எறங்கலாம்."

அவர் என்ன சொல்ல வருகிறார் என்று அந்த நொடியே எனக்கு விளங்கியது. பேனா வாங்கப் போனவர் திரும்பி வந்த பிறகுதானே பெரியவர் கையெழுத்து வைத்திருக்க முடியும்.

மொழிபெயர்ப்பாளர் "போனேன்" வரைக்கும்தான் சிங்களத்தில் சொன்னார். நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். ராஜம்மாவின் லோயருக்கும் தமிழ் தெரியாது, திரும்ப விசாரிக்க அவர் எழும்பவில்லை. மற்றச் சாட்சிகளிடமும் யாரும் இதைக் கேட்கவில்லை.

அக்கா கூண்டை விட்டு இறங்காமல் என்னையே பார்த்தார். "ஐயா, நான் இன்னும் சொல்லி முடிக்கல..."

நான் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றுமே இல்லை.

உயில் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ராஜம்மா வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கச்சியின் ஒற்றை அறை லயக் காம்பராவுக்குப் போனார். என் கட்சிக்காரர் ஆபீசுக்கு கேக் கொண்டுவந்தார், எல்லோரும் சாப்பிட்டோம்.

இரண்டு வருடம் கழித்து பதுளை ஆஸ்பத்திரி கிளினிக் வரிசையில் அக்காவைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன்... அவரே கூப்பிட்டார். கோபமே இல்லை.

"லோயர் ஐயா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் முழுசாச் சொல்லியிருந்தா ராஜம்மாவுக்கு வீடு கெடச்சிருக்குமா?"

கிடைத்திருக்கும் என்று சொன்னால், "அப்ப ஏன் என்ன நிறுத்தினீங்க" என்று அடுத்து கேட்பார். அதற்குப் பயந்து பொய் சொன்னேன்.

"இல்லக்கா. நீங்க வெளிய போனதுமே சட்டப்படி அது சரியில்லாமப் போச்சு."

"அப்ப எம்மேலதான் தப்பு" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நம்பர் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒருதடவைகூட நான் அவரைத் தேடிப் போகவில்லை. பதுளையிலிருந்து மடுல்சீமைக்கு அப்படியொன்றும் தூரமில்லை.

இன்று மத்தியானம் கிளார்க்கிடம் நம்பர் வாங்கி ராஜம்மாவுக்கு கால் எடுத்தேன். பேனாவில் தொடங்கி கிளினிக் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ வெளிய போனதாலதான் வீடு போச்சுன்னு நான் ஆறு வருசமா அவகூடப் பேசலைங்க" என்றார். "வாசல்ல வந்து எத்தன தடவ நின்னிருக்கா தெரியுமா? கதவச் சாத்திட்டேன். நீங்க நேத்தாவது சொல்லியிருக்கலாமே..."

கட் பண்ணிவிட்டார்.

அடக்கம் நாளைப் பகல். வருகிறேன்... அங்கே என் முகத்தில் யாரும் விழிக்க விரும்பாவிட்டால் ரோட்டிலேயே நின்றுகொள்கிறேன்.

போய் வாருங்கள், அக்கா. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.