ஒரு ப்ராசஸர் சும்மா கிடந்த வாரம்

தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். இரண்டு ப்ராசஸர் உள்ள புது சர்வர் வந்திருந்தது. ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் உற்பத்திக் கணக்கு அதில்தான் ஏறும்.

ஒரு நாள், சர்வர் கொடுத்த கம்பெனி அனுப்பிய சிடியிலிருந்து, மென்பொருளில் உள்ள குறைகளைத் திருத்தும் பேட்ச் ஒன்றைப் போட்டேன். மறுபடி ஆன் செய்தபோது திரையில் ஒரே ஒரு ப்ராசஸர்தான் தெரிந்தது. ப்ராசஸர்களுக்கு வேலைகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலை அந்தப் பேட்ச் மாற்றி, ஒற்றை ப்ராசஸர் மெஷினுக்கு உரியதைப் போட்டுவிட்டிருந்தது.

மேனேஜர் வந்து நின்றார். "ஏம்மா, நேத்து வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு? என்னத்தச் செஞ்ச?"

"அவிய அனுப்புனதத்தான் சார் போட்டேன்."

"அப்ப அத எடுத்துரு."

"முடியாது சார். பழைய கெர்னல அழிச்சிட்டுத்தான் இது உக்காந்திருக்கு."

பேக்கப் டேப்பில் கணக்குகள் மட்டுமே இருந்தன; பழைய கெர்னல் அதில் இல்லை. சர்வர் கொடுத்த கம்பெனியின் சென்னை ஆபீசுக்கு போன் போட்டேன்.

"பேட்ச்லயே தப்பு மேடம். சரியானது வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுங்க" என்றார்கள்.

அந்த வாரம் ஒரு ஷிப்டின் கணக்கு ஏறி முடிவதற்குள் அடுத்த ஷிப்டின் சூப்பர்வைசர் வாசலில் வந்து நிற்பார். "செத்த நேரம் பொறுங்கண்ணே" என்பேன். பழுதே இல்லாத ப்ராசஸர் பெட்டிக்குள் சும்மா கிடந்தது. அதை எழுப்ப எனக்கு வழி தெரியவில்லை.

புது சிடி வந்தபின் இரண்டும் ஓடின. மேனேஜர் பார்த்துவிட்டு, "இனிமே இதுல எதையும் போடாதம்மா" என்றார். அதற்குப் பிறகு வந்த அவசியமான பேட்ச்களுக்கும் அவரைச் சம்மதிக்க வைக்க என்னால் முடியவில்லை.