மூன்றாவது ஜோடி

இது நடந்தது. நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம், எனக்கு வருத்தமில்லை. வருத்தம் என்ற ஒன்றே அந்த நாட்களில் எனக்குள் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேய் என்றால் நடுராத்திரி, மழை, கரண்ட் கட் என்று எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிச்சம் இன்னும் போகாத நேரத்தில். கீழ்வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் எங்கள் தொழில். காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போன்களில் உசத்தி ரகம் ஒன்று உண்டு. மேடையில் பாடுகிறவர்கள் போட்டுக்கொள்வது. ஒரு ஜோடியின் விலைக்குப் பழைய ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். அப்படி வாங்க நினைக்கிறவர்களுக்காக, எது எப்படி ஒலிக்கிறது என்று ஒப்பிட்டு எழுதுவது எங்கள் வேலை. நானும் என் கணவரும் சேர்ந்து எழுதுவோம். இயர்போனுக்கு இயர்போன் மாறும் அந்த ஒலியின் தன்மையை சவுண்ட் சிக்னேச்சர் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் குணம். ஒன்று பேஸைத் தூக்கிக்கொண்டு வந்து நெஞ்சில் இடிக்கும். ஒன்று ட்ரெபிளை, அதாவது மேல் சத்தத்தை, கூராக்கி ஊசி குத்தும். ஒன்று பாடுகிற குரலை மட்டும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் கூட்டம் ஒன்று இருக்கிறது. கேபிளை மாற்றினால் பாட்டே மாறிவிடும் என்று சண்டை போடுவார்கள். அவர்களோடு பேசிப் பேசியே எனக்குப் பாதி முடி நரைத்தது.

அவர்தான் ஒவ்வொன்றாக என் காதில் மாட்டுவார். எது எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டார். தெரிந்தால் காது பொய் சொல்லும் என்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். "கேக்குதா?" என்பார். "ம்" என்பேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் நாங்கள் அதிகம் பேசியது இந்த இரண்டு வார்த்தைகளாகத்தான் இருக்கும்.

அவர் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

இயர்போன் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி அது. இங்கிருந்து காரில் ஐந்து மணி நேரம். மூன்று புது மாடல் கொண்டுவரப் போகிறோம், வந்து கேட்டுப் பாருங்கள் என்று கூப்பிட்டார்கள், போனார். ராத்திரி அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதாகத்தான் ஏற்பாடு. இருட்டில் அவர் கார் எடுக்கவே மாட்டார். எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்ணில் பட்டால் அவருக்கு ரோடு தெரியாது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், அவரும் ஒழுங்காகக் கேட்டு நடந்தார். அப்படிப்பட்ட மனிதர் அன்று இருட்டுகிற நேரத்தில் காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். பாதி வழியில், ஓரமாக நின்றிருந்த லாரியில் மோதிவிட்டார்.

ஏன் கிளம்பினார்? நான்கு மாதமாக வீட்டில் இந்த ஒரு கேள்விதான். வீட்டில் அவசரம் என்று சொல்லிவிட்டுப் போனாராம், கம்பெனியில் அதற்கு மேல் சொல்லவில்லை. வீட்டில் ஒரு அவசரமும் இல்லை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தங்கை, என் நாத்தனார், எனக்குத் துணையாக வந்து தங்கியிருந்தாள். தங்கமானவள். தட்டில் போட்டு முன்னால் வைப்பாள், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாள். ஆனால் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கேட்டுவிடுவாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. அன்னைக்கு நீங்க அண்ணனைக் கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

"யாரும் கூப்பிடாம அண்ணன் கிளம்பியிருக்க மாட்டாரே. அதான் கேட்டேன்."

"போனை நீயே பாத்தியே. நான் கூப்பிடல."

"சரி அண்ணி."

சரி என்பாள். அடுத்த வாரம் மறுபடி கேட்பாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆஸ்பத்திரியில் அழுகை வரவில்லை, வீட்டுக்கு வந்தும் வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கா என்று என் காதுபடவே பேசினார்கள். பல் டாக்டர் ஊசி போட்டதும் கன்னம் நம்முடையது இல்லாதது போல ஆகிவிடுமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. பாட்டும் அதே கதைதான். பேஸ் எவ்வளவு, குரல் எந்த இடத்தில், எல்லாம் காது சரியாகச் சொல்லிவிடும். பாட்டு மட்டும் உள்ளே இறங்காது.

அந்த நேரத்தில்தான் அந்தக் கம்பெனியிலிருந்து பார்சல் வந்தது. கூடவே டியூனர் போன் செய்தார். இயர்போனுக்குக் குணம் அமைக்கிறவரை டியூனர் என்போம்.

"சார் ஆரம்பிச்ச வேலை மேடம். நீங்க முடிச்சுக் கொடுத்தா நல்லா இருக்கும்."

சரி என்றேன். அப்போது யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாத்தனார் கடைக்குப் போனாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். பெட்டியில் மூன்று ஜோடி. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வழக்கமாகக் கேட்கிற பாட்டையே எடுத்தேன். ஒரு பியானோ, ஒரு பெண் குரல். அதில் அவள் எந்த இடத்தில் மூச்சு இழுக்கிறாள் என்பது வரை எனக்கு மனப்பாடம். மணி ஐந்தே முக்கால்.

முதல் ஜோடி பேஸ்காரன். பியானோவின் இடது கை கனமாக இறங்கியது. குரல் கொஞ்சம் பின்வாங்கி நின்றது. அதற்கு அடியில் இன்னொன்றும் கேட்டது... ம்ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். சீலிங் ஃபேன் மாதிரி. இந்தப் பாட்டில் ஃபேன் சத்தம் நான் கேட்டதே இல்லை. பேஸ் அதிகமானால் பதிவில் இருக்கிற குப்பையெல்லாம் மேலே வரும் என்று எழுதிக்கொண்டேன்.

இரண்டாவது நேர்மாறு. எல்லாம் கூர்மை. ஸ வருகிற இடமெல்லாம் காதில் கீறியது. இரைச்சல் போய்விட்டது. அதற்குப் பதிலாக... டிக்... டிக்... டிக். ஆடிக்கொண்டே சுற்றுகிற ஃபேன் போடுமே, அந்தச் சத்தம்.

பாட்டை நிறுத்தினேன். சத்தம் நின்றது. மறுபடி போட்டேன்... டிக்... டிக்.

என் அறையில் ஃபேன் ஓடவில்லை. நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவதை எடுத்தேன். லேசாக இருந்தது. மற்ற இரண்டையும் விட ரொம்பவே லேசு. உள்ளே டிரைவர் குறைவாக வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன். டிரைவர் என்பது உள்ளே இருந்து சத்தம் போடுகிற குட்டி ஸ்பீக்கர். கேபிளைச் செருகி, காதில் வைத்து, பாட்டைப் போட்டேன்.

ஒன்றுமில்லை.

பிளேயரில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கடைசி வரைக்கும் தள்ளினேன். ஒன்றுமே இல்லை. காது ரப்பர் சரியாக உட்காரவில்லையோ என்று பெரிய அளவு மாட்டி, அழுத்தி வைத்தேன்.

வெளியில் பந்து விளையாடுகிற சத்தம் அடங்கியது. வாஷிங் மெஷின் அடங்கியது.

ம்ம்ம்ம்... டிக்... டிக்...

ஃபேன். இப்போது முழுதாக. அது ஓடுகிற அறையும் சேர்த்து. பெரிய அறை, வெறும் தரை. நாற்காலியில் யாரோ அசைகிற சத்தம்.

யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். இரண்டு தடவை.

என் கை மேஜை மேலேயே நின்றுவிட்டது. அந்தக் கனைப்பை எனக்குத் தெரியும். எந்தக் கூட்டத்திலும் தெரியும்.

"பாட்டு வரலியே," என்றார் அவர்.

என்னிடம் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிற வேறு யாரிடமோ.

"இருங்க... பேசாதீங்க. யாரோ மூச்சு விடறாங்க."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நின்னுடுச்சு," என்றார்.

பயந்தேனா என்று கேட்காதீர்கள். பயம் வரவேண்டிய இடத்தில் அப்போதும் ஒன்றும் வரவில்லை. கைதான் தானாகப் போய்க் கேபிளைப் பிளேயரிலிருந்து பிடுங்கியது. பிளக் என் கையில் இருந்தது. எதிலும் மாட்டாமல்.

டிக்... டிக்...

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"கேக்குதா?" என்றார்.

"ம்," என்றேன்.

பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அங்கே நாற்காலி அசைவது நின்றது.

"...யாரு?"

"நான்தான்."

"நீயா?"

அவ்வளவுதான். நான்கு மாதமாக வராதது அத்தனையும் ஒன்றாக வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்தது. என்ன ஆச்சு, ஏன் அழற, என்ன ஆச்சு என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் என்ன பதில் சொல்வது? எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதைச் சொன்னேன்.

"வீட்டுக்கு வாங்க. என்னால முடியல. வந்துடுங்க."

கிரீச்...

நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம். காதிலிருந்து உருவுகிற சரசரப்பு.

அப்புறம் ஒன்றுமில்லை.

கீழே வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் பையோடு வந்தவள், நான் மேஜையில் கவிழ்ந்து அழுவதைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே போட்டாள். முதுகைத் தடவிக் கொடுத்தாள். "அழுங்க அண்ணி, நல்லா அழுங்க," என்று அவளும் அழுதாள். அன்று ராத்திரி நான் தூங்கினேன். அவர் குரலைக் கேட்டுவிட்டேன், அது போதும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாகவே இருந்தது.

அந்த வாரமே ஒப்பீட்டை எழுதி அனுப்பினேன். முதல் இரண்டைப் பற்றி விவரமாக எழுதினேன். மூன்றாவதற்கு ஒரே வரி. குரல் மிக அருகில் வருகிறது, இதற்கு மேல் ஒப்பிட என்னால் முடியவில்லை என்று.

மறுநாள் டியூனர் போன் செய்தார்.

"மேடம், மூணாவது செட்டைப் பத்தி எழுதியிருக்கீங்களே..."

"ஆமா."

"தப்பு எங்களோடதுதான். மூணாவது மாடல் நாங்க இன்னும் பண்ணவே இல்ல. பேக்கிங்ல தெரியாம வச்சு அனுப்பிட்டாங்க. அது வெறும் கூடு மேடம். போட்டோ எடுக்கறதுக்காகப் பண்ணினது. உள்ள டிரைவர் கிடையாது, ஒயர் கிடையாது. ஒண்ணுமே கிடையாது."

மூன்றாவது ஜோடியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன்.

"சார் உங்ககிட்ட சொன்னதை வச்சு எழுதிட்டீங்களோன்னு நினைச்சேன்," என்றார்.

"அவர் என்ன சொன்னார்?"



"அன்னைக்குப் போட்டோ மேஜையிலேருந்து சாரும் அதே கூட்டைத்தான் எடுத்துக் காதுல வச்சார். உள்ள எதுவும் இல்ல சார்னு சொல்ல வந்தேன், பேசாதீங்கன்னு கையைக் காட்டினார். சரி, நம்மளைக் கலாய்க்கறார்னு நானும் சிரிச்சுட்டு நின்னேன். யாரோ மூச்சு விடறாங்கன்னார். கேக்குதான்னார். யாருன்னு கேட்டார். அப்புறம் அவர் மூஞ்சியே மாறிடுச்சு மேடம். கழட்டி வச்சுட்டு எழுந்துட்டார்."

"ஏன்?"

"வீட்ல அழுதுட்டு இருக்கா, வரச் சொல்றா, நான் கிளம்பறேன்னார். இருட்டிடுச்சு சார், காலையில போலாம்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். அவ அழறது உங்களுக்குக் கேக்கலையான்னு என்னையே திருப்பிக் கேட்டார். நீங்க போன்லதான் கூப்பிட்டிருப்பீங்கன்னு அப்புறம் நானே நினைச்சுக்கிட்டேன். இதையெல்லாம் போலீஸ்ல எப்படி மேடம் சொல்றது?"

போனை வைத்தேன். நாத்தனார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் வந்தாள்.

"யாரு அண்ணி?"

"கம்பெனியிலேருந்து."

"என்னவாம்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். அண்ணன் ஜாடை அப்படியே இருக்கும் அவளுக்கு.

"உங்க அண்ணனை அன்னைக்கு நான் கூப்பிட்டேனான்னு கேப்பியே," என்றேன். "கூப்பிட்டேன்."