நாலாவது ஆளுக்குப் பேர் உண்டா?

என் தம்பி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். போன தீபாவளிக்குப் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு, பொகவந்தலாவையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தான். வந்தவன் முகம்கூடக் கழுவவில்லை. பையைத் திறந்து, இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு கேம் மெஷினை வெளியே எடுத்தான். என் மகள் ஓடிப்போய்க் கையை நீட்டினாள். அவன் அவளைத் தாண்டி என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, இது என்னான்னு பாருங்க."

திரையில் ஒரு மரப்பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சத்திரம். பாலத்தின் மேல் நான்கு சின்ன ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பாலத்தைக் கண்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அட, இது நம்ம கேம்டா!"

பிள்ளைகளே, இது நீங்கள் போனில் விளையாடுகிற, குதித்து ஓடுகிற விளையாட்டு இல்லை. நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராக நடக்க வேண்டும். வழியில் பூதங்கள் மறிக்கும். சண்டை போட வேண்டும். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் நம்முடைய ஆட்களுக்குக் கொஞ்சம் பலம் ஏறும். கதை போல நீண்டுகொண்டே போகும். முடிக்க மாதக்கணக்காகும்.

எனக்குப் பதினாலு வயதும் தம்பிக்குப் பத்து வயதும் இருந்தபோது இதன் பழைய கேசட் எங்களிடம் இருந்தது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் வந்த எங்கள் சித்தி, டி.வி.யில் பூட்டி விளையாடுகிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அதோடு வந்த ஒரே ஒரு கேசட் இது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அர்த்தம் தெரியாது. ஆகவே கதையை நாங்களே கட்டிக்கொண்டோம்.

சண்டை முடிந்ததும் ஆட்களின் பக்கத்தில் இலக்கங்கள் ஏறும். நிற்கிறவர்களுக்கு மட்டும்தான் ஏறும். அடிபட்டு விழுந்து கிடக்கிற ஆளுக்கு ஒன்றும் ஏறாது. இதைப் பார்த்ததும் தம்பி சொன்னான்: "அண்ணே, விழுந்தவளுக்குப் பேர் போடல!"

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் அன்றைக்குச் சொன்ன நிறையைப் பறித்தால் அந்த நாளுக்கு முழுப் பேர், அதாவது முழுக் கூலி, விழும். குறைந்தால் அரைப் பேர்தான். மலைக்கே போகாவிட்டால் பேரே இல்லை. எங்கள் அம்மா தினமும் வீட்டுக்கு வந்ததும் முதலில் சொல்வது அந்தப் பேரைப் பற்றித்தான். அதனால் அந்தக் கேமும் எங்கள் கண்ணுக்கு ஒரு தோட்டமாகவே தெரிந்தது.

விழுந்து விழுந்து கிடந்தது நாலாவது ஆள். வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண். கையில் ஒரு தடி. மற்றவர்களின் காயத்தை ஆற்றுவது அவள் வேலை. முதல் அடியிலேயே விழுந்துவிடுவாள். விழுந்தால் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் பலம் ஏறாது. பலம் ஏறாததால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் விழுவாள். பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளைச் சத்திரத்திலேயே விட்டுவிட்டு மூன்று பேரோடு போனோம். அந்தச் சத்திரத்துக்குப் 'பிள்ளைக் காம்பரா' என்று பெயர் வைத்தோம். மலைக்குப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. உலகத்தில் வேறு யாரும் அந்தச் சத்திரத்தை அப்படிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

மூன்று பேரோடு கடைசிக் கோட்டை வரை போய்விட்டோம். அங்கே ஒரு பெரிய கதவு. திறக்கவில்லை. அடித்தோம், சுற்றி வந்தோம், எல்லாப் பட்டனையும் அழுத்தினோம். கதவில் ஒரு வரி எழுதியிருந்தது. அது எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டு மாதம் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றோம். பிறகு ஒரு மழையில் தகரம் ஒழுகி, பெட்டிக்குள் தண்ணீர் போனது. அதோடு சரி.

தம்பி அன்றைக்கு அழுதான். அதற்குப் பிறகும் விடவில்லை. பெரியவனாகி, கொழும்புக்கு வேலைக்குப் போய், என் கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் போன பஸ்ஸில்கூட என்னிடம் கேட்டான்: "அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்னண்ணே இருந்திருக்கும்?"

இப்போது அதே கேமைப் புதுசாகச் செய்து, கையில் வைத்து விளையாடுகிற மாதிரி விட்டிருக்கிறார்கள். தம்பி சிநேகிதன் ஒருவனிடம் பத்து நாளைக்கு இரவல் வாங்கி வந்திருந்தான்.

"கொழும்புல பயலுக கதவுக்குப் பின்னாடி என்னான்னு சொல்ல வந்தானுங்க. காதைப் பொத்திக்கிட்டேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து தொறக்கணும்ணே."

ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், எனக்குக் காலை வேலை. தேயிலை அரைக்கிற பக்கம். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் தம்பியும் மகளும் போர்வைக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். வெளியே பனி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். தம்பி பழைய பாதையை மறக்கவே இல்லை. ஆறே நாளில் கோட்டைக்குப் போய்விட்டான். பழைய பழக்கப்படியே மூன்று பேரோடு.

கதவு வந்தது. அதே கதவு, இன்னும் அழகாக. கதவில் அதே வரி. என் மகள் எட்டாம் வகுப்பு. மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசித்தாள்.

"நாலு பேரும் சொந்தக் கால்ல நின்னு வந்தாத்தான் தொறக்குமாம், சித்தப்பா."

நானும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருபத்திரண்டு வருடம்!

"இவ்வளவுதானா எழுதியிருந்துச்சு?" என்றான் தம்பி.

"ஆமா. அந்தப் பொண்ணை ஏன் சத்திரத்துல விட்டீங்க?"

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சரி, திரும்பிப் போய் அவளைக் கூட்டி வரலாம் என்றால், அவள் பூச்சி அடித்தாலே விழுகிற நிலையில் இருந்தாள். மகள் மெஷினை வாங்கித் துழாவிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், புதிய கேமில் ஒரு வசதி இருக்கிறதாம். அதைப் போட்டுவிட்டால் நின்றவர், விழுந்தவர், சத்திரத்தில் இருப்பவர் என்று எல்லாருக்கும் ஒரே அளவு பலம் ஏறும்.

"அதைப் போடாத!" தம்பி மெஷினைப் பறித்துக்கொண்டான். "சும்மா படுத்திருக்கிறவளுக்கு முழுப் பேரா? அப்படித் தொறந்தா அது நான் தொறந்த கதவில்ல."

"அப்ப தொறக்காமலே பஸ் ஏறுங்க" என்றாள் மகள்.

இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கோ வேறு யோசனை. இதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்வார்கள்?

முதலில் மகளைப் போனில் பார்க்கச் சொன்னேன். இந்தக் கேமை விளையாடியவர்கள் எழுதி வைத்திருந்ததை அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். ஒருவருக்குப் படங்கள் பிடித்திருக்கின்றன, ஆனால் பழைய சங்கீதத்தை மாற்றிவிட்டார்களே என்று கவலை. ஒருவருக்கு எழுத்துப் பொடியாக இருக்கிறதாம், கண் வலிக்கிறதாம். இப்போது நினைத்த இடத்தில் நிறுத்திவிட்டு அப்புறம் தொடரலாம் என்று ஒரு தாய் சந்தோஷப்பட்டிருந்தார், பிள்ளை அழுதால் எழுந்து போக வசதியாம். ஆனால் அதிகம் பேர் சண்டை போட்டது அந்தப் பலத்தைப் பங்கு போடுகிற விஷயத்துக்குத்தான். எந்த ஊர்க்காரரோ ஒருவர் அரைப் பக்கத்துக்குத் திட்டியிருந்தார். அவருடைய பேரையே யாரோ வெட்டிவிட்ட மாதிரிக் கோபம்.

மறுநாள் ஸ்டோரில் தேநீர் நேரத்தில் கேட்டுப் பார்த்தேன். கேம் என்றால் என்னவென்றே தெரியாதவர்கள்தான். இருந்தாலும் பேர் என்றதும் எல்லாரும் வாயைத் திறந்தார்கள்.

"எல்லாருக்கும் ஒரே பங்குன்னா எவன்யா வேர்க்க வேல செய்வான்?" என்றார் சல்லடைப் பக்கம் நிற்கிறவர்.

அடுப்புக்கு விறகு போடுகிற அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் புள்ள ஏன் விழுந்துச்சு?"

"பூதம் அடிச்சு."

"அந்த அடி அவ மேல விழலைன்னா உன் தம்பி மேலதானே விழுந்திருக்கும்? அப்ப அவளுக்கும் பேர் போடத்தான் வேணும்."

அது சரியாகத்தான் பட்டது. சல்லடைக்காரர் சொன்னதும் சரியாகப் பட்டது. இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டில் என் மனைவி மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தம்பியும் மகளும் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளிடமும் கேட்டேன்.

"இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று சிரித்தாள். பிறகு மகளைக் காட்டிச் சொன்னாள்: "இவ வயித்துல இருந்தப்ப எனக்குக் கை ஓடாது. மூச்சு வாங்கும். இந்தப் பக்கத்து நெரையில இருந்த அக்கா ஒரு கை கொழுந்து என் கூடையில போடுவாங்க. அந்தப் பக்கத்து அக்கா ஒரு கை. நிறுக்கும்போது சரியா இருக்கும். எனக்கு முழுப் பேர்."

"கங்காணி பார்க்கலையா?" என்றாள் மகள்.

"பார்ப்பாரு. பார்த்துட்டு மழை வருமான்னு வானத்தைப் பார்ப்பாரு."

தம்பி விடவில்லை. "அது ஏமாத்துதானே அண்ணி?"

"ஏன் தம்பி, நான் என்ன வீட்டுல படுத்துக்கிட்டா பேர் கேட்டேன்? எல்லார் கூடவும் ஏறிப் போயி, மழையில நின்னேன்ல?"

தம்பி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். தேத்தண்ணியைக் குடித்து முடித்தான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெஷினை எடுத்தான். புதிய வசதியைப் போடவில்லை. சத்திரத்துக்குப் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"நின்னா பேர் உண்டு. விழாம நிக்க வைக்கிறது நம்ம வேல" என்றான்.

பாலத்துக்குப் பக்கத்தில், சின்னப் பூச்சிகளிடமிருந்து தொடங்கினார்கள். கேடயம் வைத்திருந்தவனை அவளுக்கு முன்னால் நிறுத்தினார்கள்; அவளுக்கு வருகிற அடியை அவன் வாங்கினான். மற்ற இரண்டு பேரும் பூதத்தை அடித்தார்கள். அவள் பின்னால் நின்று அவர்களின் காயத்தை ஆற்றினாள். சண்டை முடிந்ததும் நான்கு பேருக்கும் இலக்கம் ஏறியது. மகள் கையைத் தட்டினாள். "சித்தப்பா, அவளுக்கும் விழுந்திருச்சு!"

மூன்று நாள் இதே வேலை. விளையாடத் தெரியாத என் மனைவிகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னும் ரெண்டு கை போடுங்க, தம்பி!" என்பாள். அந்தப் பெண்ணுக்குப் பலம் ஏற ஏற இன்னொன்றையும் கண்டோம். அவள் கூட வரும்போது மற்ற மூன்று பேரும் விழுவதே குறைந்துவிட்டது. முன்பு நாங்கள் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் சத்திரத்துக்கு ஓடுவோம். இப்போது அதற்குத் தேவையே வரவில்லை. சின்ன வயதில் இது ஏன் எங்களுக்குத் தோன்றவில்லை என்று இன்னமும் யோசிக்கிறேன்.

கடைசி நாள் மத்தியானம். இரண்டரைக்கு ஹட்டன் பஸ். பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, சப்பாத்துப் போட்டபடியே தம்பி கட்டிலில் உட்கார்ந்தான். நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். நான்கு பேரும் கதவுக்கு முன்னால் நின்றார்கள். தம்பி மெஷினை என் பக்கம் தள்ளினான்.

"நீங்க அழுத்துங்கண்ணே."

"நீ அழுத்துடா."

"யாராவது அழுத்துங்களேன், பஸ் போயிரும்!" என்று மனைவி கத்தினாள். இரண்டு பேரும் சேர்ந்தே அழுத்தினோம்.

கதவு மெல்லத் திறந்தது. பொன் மாளிகை என்று நான் நினைத்து வைத்திருந்தேன். ராட்சசன் என்று தம்பி நினைத்து வைத்திருந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மலை இருந்தது. பனி மூடிய பெரிய மலை. அதன் மேல் வளைந்து வளைந்து ஏறுகிற ஒற்றையடிப் பாதை.

என் மனைவி எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மலையா? இங்க இல்லாத மலையா? இதுக்கா இருபத்திரண்டு வருசம்?"

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். மகள் பஸ் சத்தம் கேட்கிறது என்றாள். மெஷினைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினான்.

நான்கு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்தான். சிநேகிதனிடம் கெஞ்சி மெஷினை இன்னும் ஒரு வாரம் வைத்திருக்கிறானாம்.

"அண்ணே, மலை உச்சிக்குப் போயிட்டேன். நாலு பேரும் நிக்கிறாங்க. மேல என்ன இருக்குன்னு சொல்லவா?"

எனக்குக் கேட்க ஆசைதான். மகள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"சொல்லாதடா" என்றேன். "அந்தச் சிநேகிதனையும் கூட்டிக்கிட்டு மெஷினோட வா."