தொடர்பு அறுந்த மதியங்கள்

அம்மா இறந்துபோன பிறகு எங்கள் சாந்தோம் வீட்டில் டாடியும் நானும் மட்டும்தான். டாடி பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். நான் அப்போது வேளச்சேரியில் ஆபீசில் இருந்தேன். சாயங்காலம் நான் வரும்வரை யாரிடமும் சொல்லாமல், கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே என் பழைய கம்ப்யூட்டரை சர்வராக மாற்றி பீரோ மேல் வைத்தேன். ஹாலில் ஒரு கேமரா மாட்டினேன். எதிரே ஏதாவது அசைந்தால் மட்டும் அது படம் பிடித்து சர்வருக்கு அனுப்பும். ஆபீசிலிருந்தபடியே போனைத் திறந்தால் அந்த நேரத்துக் காட்சியையும் பார்க்கலாம். சர்வரோடு தொடர்பு இருந்தால் கேமராவில் பச்சை விளக்கு எரியும், அறுந்தால் சிவப்பு. இதையெல்லாம் டாடிக்கு விளக்கினேன். வைக்கட்டுமா என்று மட்டும் கேட்கவில்லை.

மாட்டிய சில நாட்களில் ஒரு மதியம் போனைத் திறந்தால், டாடி சட்டையில்லாமல் தரையில் கிடந்தார். எதிர் வீட்டு ஆன்ட்டியைக் கூப்பிட்டேன். அவரும் வாட்ச்மேனும் மாற்றுச் சாவியால் கதவைத் திறந்துகொண்டு ஓடினார்கள். டாடி வெயில் தாங்காமல் வெறும் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாளிலிருந்து சட்டையை மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகுதான் தொடர்பு அறுந்து போக ஆரம்பித்தது. பெரும்பாலும் மதியத்தில். சில நாள் தானாகத் திரும்பி வரும், சில நாள் நான் வீட்டுக்குப் போய் சர்வரை அணைத்துப் போட்டால்தான் வரும். போன் செய்தால் டாடி நிதானமாக எடுத்து, நல்லாத்தான் இருக்கேன் என்பார். நான் கேபிளை மாற்றினேன். ரவுட்டரை மாற்றினேன். வயரை அவர் எங்காவது இழுத்துவிடுகிறாரோ என்று சந்தேகப்பட்டு, ஒரு நாள் கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். தொடவே இல்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்ததும் சர்வர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அதன் பதிவுகளை வரி வரியாகப் படித்ததில் கடைசியில் விஷயம் பிடிபட்டது. கோளாறு, சர்வரைக் கேமராவோடு இணைக்கிற நெட்வொர்க் கார்டில். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக, கேமராவிலிருந்து கொஞ்ச நேரம் எதுவும் வராவிட்டால் அது தூங்கப் போய்விடும். தூங்கினால் சரியாக எழுந்திருக்கத் தெரியவில்லை. தூங்கவே கூடாது என்று ஒரு அமைப்பை மாற்றினேன், சரியாகிவிட்டது. சாப்பிடும்போது, இனிமேல் கட் ஆகவே ஆகாது என்று டாடியிடம் பெருமையாகச் சொன்னேன். அப்படியா என்று கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

மறுநாள் மதியம் ஆபீசில் போனைத் திறந்தேன். படம் தெளிவாக இருந்தது. டாடி முழங்கால்களில் கை வைத்து, கேமராவையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துத் திறந்தபோதும் அப்படியே. கழுத்து வேர்வையைத் துடைத்தார், மறுபடி அதே மாதிரி உட்கார்ந்தார்.

கேமராவின் பழைய பதிவுகளைத் தேடினேன். தொடர்பு அறுந்த நாட்களிலெல்லாம் கடைசிக் காட்சி ஒன்றுதான்: டாடி வந்து உட்காருகிறார், விளக்கைப் பார்க்கிறார், கைகளை முழங்காலில் வைக்கிறார். ஒரு நாள் தொடர்பு தானாகத் திரும்பியபோது, அவசர அவசரமாகச் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தார்.

லீவு சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்தேன். வீட்டுக்குள் போனபோதும் அவர் நாற்காலியில்தான் இருந்தார்.

"டாடி, அந்த லைட் செவப்பாகணும்னுதான் இப்படி உக்காந்திருக்கீங்களா?"

அவர் கேமராவை ஒரு முறை பார்த்தார். "அசையாம இருந்தா அது நின்னுடும்மா. மொதல்ல தற்செயலாத்தான் பாத்தேன். அப்புறம் தெனமும்…"

"நின்னப்புறம்?"

"சட்டையக் கழட்டிட்டுக் கீழ படுப்பேன். வேற ஒண்ணுமில்ல. நீ பாத்தா பயந்துடுவியே."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். நான் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைச் சரிசெய்ய உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது என்றார். அவர் குரலில் வருத்தம்கூட இல்லை, என்னைச் சமாதானப்படுத்துகிற தொனிதான் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. நான் கண்டுபிடித்துச் சரிசெய்தது அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஓய்வு நேரத்தை.

அன்றே கேமராவை ஹாலிலிருந்து கழற்றினேன். எங்கே வைக்கலாம் என்று முதல்முறையாக அவரிடம் கேட்டேன். குளியலறைக்குப் போகிற வழியில் போதும் என்றார், அங்கே மாட்டினேன். மதியத்தில் அவரே ஒரு முறை போன் செய்வது என்று பேசிக்கொண்டோம். பெரும்பாலும் செய்கிறார். மறக்கிற நாட்களில் விழுந்திருப்பாரோ என்று பயம் பிடித்துக்கொள்கிறது. கூப்பிடப் போனால், மறுபடி காவல் காக்கிறேனோ என்று கை தயங்குகிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல் கூப்பிட்டுவிட்டேன். தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார். எழுப்பிவிட்டதற்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"வரும்போது மீன் வாங்கிட்டு வாம்மா, கொழம்பு வெக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

வாங்கிக்கொண்டு போனேன்.