கப்பலில் வந்தவனுக்குக் கதிரை

காங்கேசன்துறையில் வெளிநாட்டு மாலுமிகளுக்கென்று ஒரு கழகம் இருந்தது என்று சொன்னால் இன்று ஒருவரும் நம்பமாட்டார்கள். அது இருந்த காலத்தில் மாலுமிகளே நம்பவில்லை. மாதக்கணக்காகக் கடலில் கிடந்துவிட்டு வருகிறவனை நிறைகுடம், குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு வைத்து வரவேற்று, உள்ளே இருத்தி உழுந்து வடையும் தேநீரும் கொடுத்தால் அவன் என்னதான் நினைப்பான்? ஒருவன் தட்டிலிருந்த சந்தனத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டான். துப்பவும் இல்லை. அதற்குப் பிறகு வந்த வடையைத்தான் தொடாமல் வைத்துவிட்டுப் போனான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சீமெந்து ஏற்றவும் மாவு மூட்டை இறக்கவும் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்தாரைப் பற்றி உலகம் நல்லதாக அறியவேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் நாலுபேர் கூடித் தொடங்கியதுதான் கழகம். தலைவர் ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர். கழகத்தையும் அவர் ஸ்டேசனாகவே நடத்தினார். சாராயம் இல்லை, மச்சமாமிசம் இல்லை, சீட்டு இல்லை. கரம் பலகையில் காய் சுண்டி விளையாடலாம், சத்தம் போடாமல். நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார் என்பதால் என்னை மொழிபெயர்ப்பாளனாகப் பிடித்துப் போட்டார்கள். வந்தவர்கள் கிரேக்கரும் போலந்துக்காரரும் ஜப்பானியரும். அவர்களுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் கடைசிவரை ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை.

மாலுமிகளைத் துறைமுகத்திலிருந்து கழகத்துக்குக் கூட்டிவருபவன் மூட்டை சுமக்கும் ஒரு இளைஞன். அரை மணித்தியாலம் கழித்து அவர்களைக் கழகத்திலிருந்து கள்ளுத்தவறணைக்குக் கூட்டிப்போகிறவனும் அவனேதான். தலைவருக்கு இது தெரியும். தெரிந்தும் அவனை விடமுடியவில்லை, ஏனென்றால் அவன் கூட்டிவராவிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

அவன் வாசல் படலைக்கு வெளியே நிற்பான். அவனுடைய சாதி ஆட்களுக்கு ஊர்த் தேநீர்க்கடைகளில் கிளாஸ் கொடுக்கமாட்டார்கள், வெறும் சோடாப் போத்தலில் ஊற்றி வெளியே நீட்டுவார்கள். கழகம் அந்த ஒழுங்கைப் பிசகாமல் காப்பாற்றியது. மாடு தின்கிற கிரேக்கனுக்குக் கதிரையும் பீங்கான் கோப்பையும். எங்கள் கோயில் மணி கேட்டு எழும்புகிறவனுக்குப் போத்தல். இதில் ஏதும் கோளாறு இருப்பதாகத் தலைவருக்குத் தோன்றவேயில்லை. வெள்ளைக்காரனுக்குச் சாதி கிடையாது, ஆகவே அவனிடம் தீட்டும் கிடையாது என்பது அவருடைய சித்தாந்தம்.

ஒருநாள் ஒரு கிரேக்க மாலுமி அவனைத் தோளில் கைபோட்டு உள்ளே இழுத்து வந்துவிட்டான். தன் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினான். இவனும் அதில் இருக்கப் பாதி குனிந்துவிட்டான்.

"நீ உதிலை இருக்கேலாது," என்றார் தலைவர். "கப்பல்லை வாறவைக்குத்தான் உந்தக் கதிரை."

பாதியில் நிமிர்ந்து அவன் வெளியே போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரேக்கன் என்னிடம் என்னவென்று கேட்டான். மொழிபெயர்க்காமல் வடைத் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். அடுத்த நாள் துறைமுகத்தில் அந்த இளைஞன் என்னிடம் அமைதியாகச் சொன்னான், அந்தக் கதிரையில் ஒருநாள் இருந்துதான் தீருவானாம். ஆள் பைத்தியமாகிவிட்டான் என்றுதான் நினைத்தேன். கோயில் வாசல் திறக்கவேண்டும் என்று கேட்டு அடிவாங்கியவர்கள் இருந்த காலத்தில், போயும் போயும் ஒரு பிரம்புக் கதிரைக்கா ஆசைப்படுவான்?

அந்த மாதமே ஒரு கப்பலில் சமையலாள் வயிற்று நோவோடு ஆஸ்பத்திரியில் இறக்கப்பட்டான். கப்டனுக்கு அவசரமாக ஆள் வேண்டும். இவன் ஏறிப் போய்விட்டான். "தொல்லை விட்டுது," என்று தலைவர் மகிழ்ந்தார். மகிழ்ந்த கையோடு, கொழும்பில் எங்கோ பார்த்துவந்த சட்டதிட்டங்களைப் பலகையில் ஆங்கிலத்திலும் தமிழிலும் அழகாக எழுதுவித்து மாட்டினார். எந்தக் கப்பலின் பணியாளரும் கழகத்துக்கு வரலாம். தன்னோடு ஒரு விருந்தினரையும் அழைத்து வரலாம். இருவருக்கும் சம மரியாதை. அந்தப் பலகையைக் காட்டாமல் அவர் ஒருவரையும் விட்டதில்லை. சாதி கப்பலேறிப் போய்க் கப்பற் பணியாளனாகத் திரும்பியும் வரும் என்பது ஸ்டேசன் மாஸ்டர் மூளைக்கு எட்டவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு பின்னேரம், மூன்று கிரேக்கர்களோடு நாலாவது ஆளாக அவன் வந்தான். வெள்ளைச் சேட்டு, காலில் சப்பாத்து, கையில் கப்பற்காரருக்கான அட்டை. கழகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவனைத் தெரிந்தது. தலைவருக்கும் தெரிந்தது. ஆனால் மனுசனின் மூளை அன்று வேலைசெய்த வேகத்தை நான் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எழும்பிப் போய்ப் பன்னீர் தெளித்து, "வெல்கம், வெல்கம். விச் கன்ட்ரி?" என்று கேட்டார். ஆளை அந்நியனாக்கிவிட்டால் தீட்டு இல்லையே!

கிரேக்கர்கள் விழித்தார்கள். அவன் முகத்தில் பன்னீர் வழிந்தது. துடைக்காமல் சொன்னான், "நான் உந்தத் தண்டவாளத்துக்கு அங்காலை இருக்கிற ஆள்தான் ஐயா. என்னோடை வந்த ஆள் படலையடியிலை நிக்குது. கூட்டிக்கொண்டு வாறன்."

அவன் போய் வருவதற்குள் கிரேக்கர்கள் கதிரைகளில் இருந்துவிட்டார்கள், தலைவரும் போய்த் தன் கதிரையில் இருந்துகொண்டார். வந்தது அவனுடைய தாய். வெறுங்கால், மங்கிய சேலை, தலையைக் குனிந்த நடை. மகனை எந்த நாட்டுக்காரனாகவும் ஆக்கலாம். அந்த மனுசியை எந்த நாட்டுக்காரியாக்குவது? தலைவர் பலகையைப் பார்த்தார். பலகை அவருடைய சொந்தத் தமிழிலேயே அவரைப் பார்த்தது. கிரேக்கர் மூவரும் தாயைக் கண்டதும் எழுந்து நின்றார்கள், அது அவர்கள் ஊர்ப் பழக்கம். அவர்கள் நிற்கத் தான் இருப்பது மரியாதையில்லை என்று தலைவரும் எழும்பவேண்டியதாயிற்று. என் வாழ்க்கையில் நான் வயிறு குளிர்ந்து பார்த்த காட்சிகளில் அது ஒன்று.

கழகத்துச் சமையற்காரர் அவர்களுக்கு ஊற்றிக் கொடுக்க மனமில்லாமல் பின்பக்கத்தால் நழுவிவிட்டார். நானே அடுப்படிக்குப் போய், இருந்ததில் நல்ல கோப்பைகளாகப் பார்த்துத் தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். அவன் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தான். தாய் விளிம்பில் இருந்தாள். எழும்பி ஓடத் தயாராக இரண்டு காலையும் ஊன்றி வைத்திருந்தாள். கோப்பையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் ஏந்தி ஒரு மிடறு குடித்தாள். பிறகு கதிரைகளை, கரம் பலகையை, சுவரோரம் நிற்கும் எங்களை ஒருமுறை பார்த்தாள். அவன் போனபின் அவள் எப்படிச் சீவித்தாள் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

"மோனை," என்றாள். "இதுக்கோ நீ என்னைத் தனிய விட்டிட்டுப் போனனீ?"

"ஓமணை," என்றான் அவன். "இதுக்குத்தான்."

அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். மிச்சத்தைக் குடிக்கவில்லை.