தாத்தாவின் பதக்கமும் சின்னத் தாத்தாவின் காய்ச்சலும்

ரோஸ் நிறப் பல்பொடியின் கிராம்பு வாசனை எங்கே வந்தாலும், கருங்குழி வீட்டில் வெள்ளிப் பதக்கத்தை மடியில் வைத்து அந்தப் பொடியால் தேய்த்துக்கொண்டிருந்த தாத்தாதான் என் கண்முன் வருவார். தொண்ணூறுகளில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் முந்தின சாயங்காலம் அதைப் பளபளவென்று துலக்குவார். மறுநாள் சட்டையில் குத்திக்கொள்ளாமலே அதன் டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். போடாத பதக்கத்துக்கு எதற்கு இத்தனை மினுக்கல்?

பர்மாவை ஜப்பான்காரன் பிடித்துவைத்திருந்த காலத்தில், வெள்ளைக்காரனின் பட்டாளத்திலிருந்த தாத்தா, அக்கரையிலிருந்து குண்டுகள் பாய, பதிலுக்குச் சுட்டுக்கொண்டே போய், ஆற்றோரம் அடிபட்டுக் கிடந்த நம் ஊர்ப் பையன்களைத் தோளில் தூக்கிவந்தாராம். அதற்காகக் கொடுத்த பதக்கம் அது. அவருடைய தம்பி, எங்கள் சின்னத் தாத்தா, மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போய், அங்கே வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பிய விடுதலைப் படையில் சேர்ந்து, ஜப்பான்காரனோடு அதே பர்மாவுக்கு வந்தவர். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் கொடியேற்றுகிறவர் சின்னவர். பெரியவர் கூட்டத்தோடு நின்று கைதட்டுவார்.

நான் ஆறாவது படித்த வருஷம், கொடியேற்றும் நாளன்று காலையிலேயே சின்னத் தாத்தா வந்து அடம்பிடித்தார்.

"இன்னாணா, எத்தினி வருசம் டப்பாலயே வெச்சிகினு இருப்ப? இன்னிக்கி நீ குத்திகினு வந்தாத்தான் நான் கொடி ஏத்துவேன். வெள்ளக்காரன் குட்த்ததுன்னு எவனாச்சும் பேசட்டும், நான் பாத்துக்கறேன்."

"அதுக்கில்லடா" என்றார் தாத்தா. "அன்னிக்கி அக்கரைல உங்க ஆளுங்களும் இருந்தாங்களாம். நான் சுட்டப்ப நீ அங்க நின்னுகினு இருந்தியோன்னு... கேக்கவே பயமா இருந்திச்சிடா."

சின்னத் தாத்தா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "அட போணா! அப்ப நான் மலேரியா காய்ச்சல்ல ரங்கூன் ஆஸ்பத்திரில சுருண்டுகினு கெடந்தேன். இதுக்கா இத்தினி வருசம் பேஜாரு?"

தாத்தா விசித்து விசித்து அழுதார். தம்பியே அவர் சட்டையில் பதக்கத்தைக் குத்திவிட்டார். அதற்குப் பிறகு, சாகும்வரை, ஒரு சுதந்திர தினத்திலும் தாத்தா அதைப் போடாமல் வெளியே கிளம்பியதில்லை.

இன்று இருவருமே இல்லை. ரோட்டை அகலப்படுத்தியதில் கருங்குழி வீடும் போய்விட்டது. பதக்கம் மட்டும் படூரில் என் பிளாட்டில் இருக்கிறது. கேட்டு மனம் நொந்துபோகத் தாத்தா இல்லையென்பதால் இதை இப்போது சொல்லலாம்.

தாத்தாவின் காரியம் முடிந்த அன்று, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சின்னத் தாத்தாவிடம் ஆறுதலாக ஏதாவது பேச நினைத்து, "நல்ல வேள தாத்தா, அப்ப உங்களுக்குக் காய்ச்சல் வந்திச்சி" என்றேன். அவர் துண்டை எடுக்கவேயில்லை.

"எனக்கு ஏதும்மா காய்ச்சலு? அக்கரைலதான் இருந்தேன். என்னை ஒரசிகினு நின்னவன் குண்டு பட்டு அங்கியே பூட்டான். எங்கண்ணனாண்ட அத எப்பிடிம்மா சொல்றது?"